பதினேழாம் வாக்கியம்

"கல்லடிப் பாலத்தில் நின்ற தாதியின் தம்பி
குடையை விரித்தான்."
பாலத்தில் நின்றது யார்?
தாதி என்றால் இடது பட்டன், தம்பி என்றால் வலது.

வந்தாறுமூலையில்
மின்விசிறி ஓடாத ஒரு புதன்கிழமை.
முப்பத்தொரு பேர்
இரண்டு செக்கனுக்குள் யாரையோ நிறுத்திவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

போலிஷ் மூலத்தில்
ஒரு காற்புள்ளி, அதையொட்டி ஒரு சின்னச் சொல்;
நின்றது ஆணா பெண்ணா என்று
அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.
தாதியும் தங்கையும் என்றால்தான்
அவர்களுக்கும் தடுமாற்றம்.
எங்கள் "நின்ற"
அவளுக்கும் நிற்கும், அவனுக்கும் நிற்கும்,
விளக்குக் கம்பத்துக்கும் நிற்கும்.

ஏறாவூர் றிஸ்மியா மட்டும்
பதினொரு செக்கன் எடுத்தாள்.
இரண்டு பட்டனுக்கும் மேலே இரண்டு விரல்.
பிறகு திரும்பி,
"சேர், அங்க மழையா வெயிலா?"

வாக்கியத்தில் இல்லை என்றேன்.

"மழையெண்டா அவன் குடை கொண்டு வந்திருப்பான்.
அப்ப நிண்டது அவள்.
வெயிலெண்டா..."
முடிக்கவில்லை.

பத்துச் செக்கனைத் தாண்டியதை நீக்குக
என்பது வார்சோவின் அறிவுறுத்தல்.
நீக்கினேன்.

மாலை பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது
கைபிடி ஓரமாக ஒரு பெண்,
விரிக்காத குடையோடு.
மழை இல்லை.
வெயில் என்றும் சொல்ல முடியாது.