நூற்றிருபத்தேழு நொடி

மீனாட்சிபுரம் சாவடியில் பால்வண்டி நின்றால்
ஜலஜா மேலேறி மூடி திறப்பாள்.
ஒரு குவளை மொண்டு வந்து
கொழுப்பு, வெப்பம், யூரியா பார்ப்பாள்.
அந்த எண்களைப் பாலக்காட்டுக்கு அனுப்புவது
என் நிரல்.
பதில் வந்தால் தடுப்புக்கட்டை உயரும்.

நன்றாகத்தான் ஓடியது,
கோவையில், என் மேசைமேல்.

இங்கே காற்று கணவாய் வழியே வருகிறது.
தென்னை ஒருபக்கம் சாய்ந்தால் சிம் தமிழ்நாட்டைப் பிடிக்கும்,
மறுபக்கம் சாய்ந்தால் கேரளத்தை.
ஜலஜாவின் கைபேசிக்கு ஒரே நாளில் நாற்பது நல்வரவு.
இரண்டுக்கும் நடுவே என் கனெக்ட்
நீட்டிய கையோடு நிற்கிறது.

"ஏனுங் அம்மிணி, மிசின் தூங்குதுங்களா?"
திருமூர்த்தியின் வண்டி. பன்னிரண்டாயிரம் லிட்டர்.
ஏற்றும்போது நாலு டிகிரி, இப்போது ஆறு.

தூங்கவில்லை, எண்ணுகிறது.
கூப்பிட்டுவிட்டு ஒரு நொடி காக்கும்.
மறுபடி கூப்பிட்டு இரண்டு.
நான்கு. எட்டு. பதினாறு.
முப்பத்திரண்டு.
கடைசியாக ஒருமுறை கூப்பிட்டு
அறுபத்துநான்கு நொடி அப்படியே நிற்கும்.
கூட்டினால் நூற்றிருபத்தேழு.
அதுவரை திரை உறைந்து கிடக்கும்,
ரத்து பொத்தானும் சேர்த்து.

மறுத்திருந்தால் எளிது.
மறுப்பும் ஒரு பதில்தான்:
வீட்டில் ஆள் இருக்கிறது, கதவைச் சாத்துகிறது.
எனக்கு அதுவும் வரவில்லை.

இத்தனை பொறுமையை யார் எழுதினார்கள்?
நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டேன்.
விட்ட இடத்தில் கர்னல்
தன் பொறுமையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

அன்றிரவு சாவடிப் பின்னறையில்
கட்டஞ்சாயா ஆறிப்போக,
காத்து நிற்காத சாக்கெட்டாக மாற்றினேன்.
செலக்ட் 'இனி எழுதலாம்' என்று தலையாட்டினால் போதாது,
பிழை எண்ணைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.
முதல்முறை கேட்கவில்லை.
எழுதப்போன நிரல்
சொல்லாமல் கொள்ளாமல் செத்தது.

இணைய ஐந்து நொடி. பதிலுக்கும் ஐந்து.
ஏன் ஐந்து என்றாள் ஜலஜா.
அவள் கைக்கடிகாரத்தை வைத்துத்தான்
வண்டி வண்டியாக அளந்திருந்தோம்.
நல்ல காற்றில் அரை நொடி, கெட்டதில் மூன்று.
மிச்சம் இரண்டு என் பயம்.

வியாழன் காலை பாலக்காட்டிலிருந்து அழைப்பு.
திருமூர்த்தியின் வண்டி
ஒரே நிமிடத்தில் மூன்று முறை எல்லை கடந்திருக்கிறதாம்.
முப்பத்தாறாயிரம் லிட்டர்.
"மூணு நடை போனனுங்களா?
வாடகை ஒண்ணுதானுங்களே வந்துச்சு?"

எண்கள் மூன்று முறையும் போய்ச் சேர்ந்திருந்தன.
'கிடைத்தது' என்ற சொல்தான்
திரும்பும் வழியில் எங்கோ விழுந்துபோனது.
நேரம் தீர்ந்தது என்றால்
எனக்குத் தெரியாது என்று மட்டுமே பொருள்.
நான் அதைப்
போகவில்லை என்று படித்திருக்கிறேன்,
இத்தனை வருடமும், சம்பளம் வாங்கிக்கொண்டு.

இப்போது ஒவ்வொரு குவளைக்கும் ஓர் எண்.
எத்தனை முறை அனுப்பினாலும் அங்கே ஒரே வரி.

ஐந்து நொடியில் பதில் இல்லையென்றால்
வண்டியை என்ன செய்வது?
அது எந்தக் கையேட்டிலும் இல்லை.
ஜலஜா கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்:
"பாலு நோக்கினது ஞானல்லே?
கட்டயைத் தூக்கு."
அந்த வரியை அப்படியே நிரலில் வைத்தேன்.
அவள் கையெழுத்து உள்ளூரில் சேரும்,
எண்கள் வரிசையில் காத்திருக்கும்.

இரவு இரண்டுக்குக் காற்று அடங்கும்.
தேங்கிய பதினேழு குவளைகளும்
ஒவ்வொன்றாகப் போகும் அப்போது.
அந்நேரம்தான் திருமூர்த்தி
காலி வண்டியோடு பொள்ளாச்சி திரும்புவார்.
ஹாரன் அடிக்கமாட்டார்,
சன்னலைப் பார்த்துக் கை மட்டும் தூக்குவார்.
உள்ளே ஜலஜா விழித்திருக்கிறாளா என்று
வேகம் குறைத்ததில்லை ஒருநாளும்.