எந்தப் பக்கம்

புளியரை சோதனைச்சாவடிக்கு எதிரே
என் மருந்துக்கடை. இரவு பத்தே முக்கால்.
மேற்கே மழை; இங்கே அதன் தூசி மட்டும்.

வைக்கோல் லாரியை ஓரங்கட்டிவிட்டு
பிரசோபன் தும்மிக்கொண்டே வந்தான்,
தும்மலுக்குத் தும்மல் பாஷை மாறியது.
"சேச்சி, ஒரு அவில். வேகம்."
பத்து ரூபாய்த் தாள் நனைந்திருந்தது.

விழுங்கினால் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடுதலாக.
ரத்தத்தில் மருந்து உச்சிக்கு ஏறும்போது
நீ எங்கே இருப்பாய் என்றேன்.
யோசித்தான். கழுதுருட்டி இறக்கம்.
"மூக்குக்குத்தானே கேட்கிறேன்? கண்ணுக்கில்லையே."

மாத்திரைக்கு மூக்கு எதுவென்று தெரியாது, பிரசோபா.
உன் லாரிக்காவது பில்லில் ஊர்ப்பெயர் இருக்கிறது.
இது குடலில் கரைந்து
ஈரல் சாவடியில் கொஞ்சம் பறிகொடுத்து
மிச்சத்தோடு ரத்தம் போகிற இடமெல்லாம் போகும்:
கால் கட்டைவிரல், காது மடல்,
நீ யாரிடமும் சொல்லாத மூலம் வரைக்கும்.
மூக்கில் ஒரு பூட்டு.
அதே பூட்டு மூளையில், விழித்திருப்பதற்கென்று.
இந்தச் சாவி இரண்டிலும் நுழையும், திரும்பாது,
சரியான சாவியையும் நுழைய விடாது.

மூளைக்கும் காவல் உண்டு.
பழைய மாத்திரை எண்ணெய்ப் பசையுள்ள ஆள்,
நழுவி உள்ளே போய்விடும்.
புதிதாக வந்ததை
வாசலிலேயே பிடித்து வெளியே தள்ளுவார்கள்.
தள்ளட்டும். அதற்குத்தான் பதினெட்டு ரூபாய்.

எட்டு ரூபாய் கடன் சொன்னான்.
கையிலிருந்த ஆப்பிள் ஜூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு
தண்ணீர் கொடுத்தேன். ஏனென்று கேட்க
அவனுக்கு நேரமில்லை,
பின்னால் ஒரு சிமெண்ட் லாரி ஹாரன் அடித்தது.

சிவப்பு விளக்கு எஸ் வளைவில்
இரண்டு முறை தெரிந்து மறைந்தது.

பக்க விளைவு என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள்.
எந்தப் பக்கம்?
ஆரியங்காவில் நின்று பார்த்தால்
நான்தான் அந்தப் பக்கம்.

கவுண்டர் கண்ணாடி மேல் அவன் விட்டுப்போன துரும்பு.
ஊதினேன். எனக்கும் தும்மல்.

அவில் ஒன்றைக் கிழித்தேன்.
எனக்கு இறக்கமில்லை, லோடு இல்லை.
ஷட்டர், பிறகு மாடிக்குப் பன்னிரண்டு படி.
நாளை மதியம் மூன்று மணிக்கும்
இதில் பாதி எனக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், தெரியும்.
மூன்று இரவாகக் கண் மூடவில்லை.
தும்மல் நின்றால்
அது பக்க விளைவு.