டபுள் டபுள்

முதலில் மழைதான் திக்கியது.

வின்னிபெக்கில் ஜனவரி, வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தண்ணீர் என்றால் இங்கே
மார்ச் கடைசிவரைக்கும் கல்.
ஒரு துளிச் சத்தம் கேட்கவே
லொறி ஓட்டும் இந்த விளையாட்டை வாங்கினேன்:
மலைப்பாதை, இரவு, கண்ணாடியில் மழை,
அப்படியும் இப்படியுமாய் வைப்பர்.
பகலெல்லாம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு
வீட்டுக்கு வந்து லொறி ஓட்டுகிறான் என்று
அகிலேஸ் சிரிப்பான். சிரிக்கட்டும்.

செவ்வாய் இரவு புதுப்பிப்பு ஒன்று இறங்கியது.
அதன் பிறகு,
சோவென்று பெய்த மழை
சோ. சோ. சோ.
எஞ்சின் துண்டு துண்டாய் உறுமியது.
ஹோர்ன் அடித்தால் ஒரு வாத்துக் கூட்டம்.

எனக்குத் தெரியாத வியாதியா?
ஐந்து வயதிலிருந்து என் வாயில்
வாடகை தராமல் குடியிருப்பது.
'க'வில் கால் இடறும்,
'ப'வில் கதவு பூட்டிக்கொள்ளும்.
வைத்த பெயரோ பகீரதன்.
கங்கையை இறக்கியவன் பெயராம்.
எனக்கு முதல் எழுத்தே இறங்காது.

வைத்தியன் மாதிரி மேசைக்கு முன்னால் இருந்தேன்.
டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன்.
நாற்பத்தெட்டாயிரத்தை
நாற்பத்து நாலாயிரத்து நூறாக்கினேன்.
ஹெட்ஃபோனைப் பின்பக்கத் துளைக்கு மாற்றினேன்.
கரண்ட் மிச்சம் பிடிக்கும் அமைப்பை நிறுத்தினேன்.
வைஃபையை அணைத்தேன், கொஞ்சம் குறைந்தது.
அவ்வளவுதான், கொஞ்சம்.
'புதுக் கம்ப்யூட்டர் வாங்கு' என்று எழுதினான் அகிலேஸ்.
'இன்னொன்று பெத்துக்கொள்' என்று
அம்மாவுக்கும் ஒருத்தர் சொன்னவர்.

பன்னிரண்டே முக்கால்.
விளையாட்டுக்குள் வழி சொல்லும் பெண்
முந்நூறு மீட்டரில் டர்ன் லெ
லெ
லெ

'லெஃப்ட்!' என்றேன்.
ஒரே மூச்சில், திக்காமல், சத்தமாய்,
பேஸ்மென்ட்டில் ஒருத்தரும் இல்லாதபோது.

இந்த வேலையை எனக்குச் செய்கிறவர்களை
நான் நன்றாக அறிவேன்.
வங்கியில், பல் வைத்தியரிடம், கல்யாண மண்டபத்தில்
என் சொல்லைப் பாதியில் பிடுங்கி
தாங்களே தைத்து முடித்து
கையில் தருவார்கள்.
அநேகமாய் அது வேறு சொல்.
கத்தரிக்காய் என்று நான் தொடங்க
'கத்தியா?' என்பார் கடைக்காரர்.
அவசரத்துக்குக் கத்தியை வாங்கிக்கொண்டும் வந்திருக்கிறேன்.

லெஃப்ட் என்று கத்தினேனே தவிர
லெஃப்டில் திருப்ப மறந்துபோனேன்.
லொறி பள்ளத்தில் மல்லாந்து கிடந்தது.
சில்லுகள் வானத்தைப் பார்த்துச் சுற்ற,
சோ. சோ.
அந்தப் பெண் இன்னும்
லெ

ஒளித்துவைத்தது போல ஒரு மூலையில் இருந்தது
பஃபர்: இருநூற்றைம்பத்தாறு.
சத்தம் வெளியே வருமுன்
இருந்து போவதற்கு ஒரு அறை.
கதிரை போட இடமில்லாத அறை.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ஆக்கினேன்.

பெய்தது.
எழுந்து போய் ஜன்னல் பார்க்கிற அளவுக்குப் பெய்தது.
ஜன்னலில் பனிதான்.

இப்போது எல்லாம் பிந்தித்தான் வருகிறது.
சில்லு குழியில் விழும்,
நான் பல்லைக் கடிப்பேன்,
பிறகு டங்.
'லேக் அடிக்குமே' என்றான் அகிலேஸ்.
ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு
மூன்று மணிவரை ஓட்டினேன்.

புதன் காலை கோப்பிக்கடை, கார் வரிசை.
இந்த நாட்டில் நான் குடிக்கும் கோப்பிக்கே திக்குவாய்:
டபுள் டபுள்,
இரண்டு கிரீம், இரண்டு சீனி.
குளிரில் ஸ்பீக்கர் பெட்டி
'வா... வாட் கே... கேன்' என்றது.
என்ன கேட்கப்போகிறாள் என்று தெரியும்.
வாயை மூடிக்கொண்டு இருந்தேன்,
அவள் கடைசிச் சொல்வரைக்கும் வந்து சேரட்டும் என்று.
பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

'ட... டபுள் ட... டபுள் டபுள்.'

பெட்டி யோசித்தது.
'மொத்தம் எத்தனை?'

இரண்டு கோப்பி வந்தது.
மற்றதைக் கிடங்கில் அகிலேஸுக்குக் கொடுத்தேன்.
ஆறிப்போயிருந்தது.
குடித்தான்.