வரத்து

பதிவேட்டில் ஆறு கட்டங்கள்.
தேதி, நேரம், நீர்மட்டம், வரத்து,
திறப்பு, கையொப்பம்.
நடுவில் மூன்றிலும் நான் கோடு இழுத்துவிடுவேன்.
சைபர் என்று எழுதினால்
ஏதோ இறங்கி அளந்ததுபோல் ஆகிவிடும்.

முனிரத்தினம் சைபர்தான் எழுதுவார்.
பழைய பதிவேடுகளில் அவர் கை:
ஒவ்வொரு சைபருக்கும் தலையில் சின்னக் கொம்பு,
பேனாவை எடுக்க மனமில்லாமல் எடுத்ததுபோல.
அவர் போனபின் கருணை அடிப்படையில்
எனக்கு வந்த வேலை:
லஸ்கர், பாலாறு அணைக்கட்டு, வாலாஜா.
ஒரு சாவிக்கொத்து,
மதகைச் சுற்றும் இரும்புக் கைப்பிடி,
ஒரு டின் கிரீஸ்.

வராத ஆற்றுக்கு
மாதம் ஒருமுறை கிரீஸ் போட்டேன்.
ஷட்டர் பல்லிடுக்கில் குருவி கூடு கட்டியிருந்தது.
எடுக்கச் சொன்னார் ஏ.இ.
தண்ணி வந்தா எடுத்துடறேன் சார் என்றேன்.
சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கார்த்திகையில், ராத்திரி இரண்டரைக்கு
வந்தது.
சத்தத்துக்கு முன்னால் வாடை,
ஈர மண்ணோடு தோல் ஷாப்பு வாடையும்.
பொன்னைதான் முதலில், செம்மண் கலங்கி.
பின்னாலேயே பாலாறு
காட்பாடி பாசஞ்சர்போல நின்று நின்று.
ஒற்றைச் செருப்பு, வாழைமரம்,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி;
யாரோ உட்கார்ந்திருப்பதுபோல்
கவிழாமல் வந்து அணையைத் தாண்டியது.

அப்புறம் போன்.
காவேரிப்பாக்கத்துச் சங்கத் தலைவர்,
"ஏரி வாயப் பொளந்துகினு கீதும்மா,
ஒரு அடி கூடத் தூக்கு."
மகேந்திரவாடிக்கு
போன வாட்டியும் அவர்கள்தான் கடைசி என்று கோபம்.
சக்கரமல்லூர்க்காரர்
திட்டி முடித்துத்தான் பேரைச் சொன்னார்.

தூசியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.
அந்தக் கால்வாயின் கடைசி வாயில்
என் தம்பிக்கு முக்கால் காணி.
கூப்பிட மாட்டான்.
முனிரத்தினத்தின் காரியத்துக்கே வரவில்லை.

எந்த மதகை எத்தனை அடி என்று
உத்தரவு வந்துவிட்டது.
நூற்றிருபது சுற்றுக்கு ஒரு அடி.
தோள் எரிந்தது, திருகு முரண்டவில்லை;
கிரீஸ் வீண்போகவில்லை.
கடைசியாகத் தூசி மதகு.
சொன்ன அளவு தூக்கியபின்னும்
கைப்பிடியைக் கழற்றாமல் நின்றேன்.
இன்னும் நாலு சுற்று.
அரை அங்குலம்கூட வராது.
எந்த அளவுகோலிலும் தெரியாது.
அவன் வயலுக்குப் போவதற்குள்
மணல் குடித்துவிடும்.

கூப்பிட்டிருந்தான் என்றால்
சுற்றியிருக்க மாட்டேன்.

விடிந்ததும் பதிவேட்டைத் திறந்தேன்.
வரத்துக் கட்டம் எண்ணுக்குப் போதவில்லை.
கடைசி இரண்டு சைபர்கள்
திறப்புக் கட்டத்துக்குள் போய் விழுந்தன.
நான் எழுதிய முதல் சைபர்கள்.
இரண்டுக்கும் தலையில் கொம்பு.

கையொப்பம் விட்டுப்போயிருக்கிறது என்று
ஆபீஸிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.