ஈரப்பதம்

கப்பலில் இரண்டாயிரத்து நானூறு பேருக்கு
வெங்காயம் நறுக்கியவர்
கொரடாச்சேரி வாடகை வீட்டில்
இரண்டு பேருக்கு நறுக்க உட்கார்ந்தார்.

மூன்று கிலோ தக்காளி.
"யாருக்கு?" என்றேன்.
"நமக்குத்தான்" என்றார் சூசைமாணிக்கம்,
கொஞ்சமும் கூசாமல்.

ஒட்டன்சத்திரத்து லாரி வந்த நாள் அது.
பெட்டியடியில் நசுங்கியதைத் தள்ளி
கல் மாதிரி இருந்ததைத் தள்ளி
அழுத்தினால் சற்று யோசித்துவிட்டு
விரலுக்குத் திரும்பி வருகிற பழமாகப்
பொறுக்கியிருந்தார்.
என் அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தி
உறையிலிருந்து தன் கத்தியை உருவினார்.
எட்டு மாதம் அதுதான் கூடப் படுத்திருந்தது போல
அப்படி ஒரு பார்வை அதன் மேல்.

நாலாகப் பிளந்து, விதையை வழித்து,
சின்னச் சின்னச் சதுரமாக அரிந்து,
உப்புத் தூவி வடிதட்டில் போட்டார்.
"பத்து நிமிஷம். தொடாதே."
அடியில் வைத்த குண்டானில்
சொட்டத் தொடங்கியது.

"அடுப்பு?"
"அடுப்பே வேண்டாம்."
"தாளிப்பு?"
"கிடையாது."
"பிறகு இது என்ன சமையல்?"
"சல்சா."
எஸ்தபான் என்று ஒரு மெக்சிகோக்காரனாம்,
கீழ்த்தளத்துச் சமையற்கூடத்தில்
பக்கத்துப் பலகை.
அவனுக்கும் இவருக்கும் பொதுவாக இருந்தவை
முப்பது ஆங்கிலச் சொற்களும்
பச்சைமிளகாயும்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறவள்.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று
கருவி காட்டும் எண்ணைப் பார்த்தபடி
சொல்லப் பழகியவள்.
மூட்டையோடு நிற்பவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை.
ஆனால் குண்டானில் சேர்ந்த சிவந்த நீரை
அவர் கொட்டப் போனபோது
கையைப் பிடித்துவிட்டேன்.

"இது ரசத்துக்கு."
"அங்கே இதை வாளி வாளியாக ஊற்றுவோம்."
"அங்கே சுற்றிலும் தண்ணீர்.
வெட்டாற்றில் முறை வைத்து விடுகிறார்கள்."

பெரிய வெங்காயம், காம்போடு கொத்தமல்லி,
எலுமிச்சம்பழம் இரண்டு.
மிளகாயில் மட்டும் மெக்சிகோவை மீறினார்.
முதல் வாய்,
பச்சடிக்குத் தயிர் மறந்துபோனது போலிருந்தது.
இரண்டாம் வாயில் குறை சொல்ல
ஒன்றும் அகப்படவில்லை.
மூன்றாவதில்
கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மிச்சம் ஊருக்கு.
எதிர்வீட்டு வேம்பரசி அதைப்
பழையதுக்குத் தொட்டுக்கொண்டாள்.
ஐஸ்வண்டி ஹபீப் அப்பளத்தில் அள்ளித் தின்றார்.
நிலையத்துச் சுமைதூக்குகிறவர்கள் எட்டுப் பேர்
புளிச்சோற்றோடு வழித்துவிட்டு,
கொஞ்சம் வதக்கியிருக்கலாம் அக்கா, என்றார்கள்.

அடுத்த வாரம் இரண்டு கிலோ.
புரட்டாசிக் கடைசியில் ஒன்றரை.
இருட்டில் இறங்குகிறவர்
அடுத்த படியைக் காலால் துழாவுவது போல
அவர் கை இறங்கி வந்தது.
ஐப்பசி அடைமழையில் ஒரு வியாழக்கிழமை
மூன்றே பழம்.
இரண்டு பேர் தின்று முடித்தபோது
விரலால் வழித்து நக்கும் அளவுதான் மிச்சம்.
இருவரும் பேசாமல்
அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை மும்பை ஏஜெண்டு அழைத்தான்.

இன்றும் மழை. தார்ப்பாய்க்குள்ளும் மழை.
இருபத்திரண்டு காட்டிய நெல்லுக்காரரை
நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன்.
திருப்பி ஏற்றவேண்டாம்,
கொட்டகை மூலையில் பரப்பிக்கொள்ளுங்கள்,
யாராவது கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்
என்று என் வாய் சொன்னது.

வீட்டுக்கு வந்து ஒரு பழம் நறுக்கினேன்.
அரிவாள்மணையில்தான். எல்லாம் கோணல்.
உப்புப் போட்டு
பத்து நிமிஷம் தொடாமல் இருந்தேன்.
ஒரு பழத்தில் வடிகிற நீருக்கு
ரசம் வைக்க முடியாது.
நின்றபடியே குடித்தேன்.

பிறகுதான் ஞாபகம் வந்தது,
எலுமிச்சம்பழம் வாங்கவில்லை.