விடுவிப்பு மேசை

ஃபேக்ஸ் எந்திரம் இருமித் துப்பிய தாளில்
எல்லாம் இருந்தது: பெயர், பிறந்த தேதி,
குவாத்தமாலாவில் ஏதோ ஓர் ஊர்,
இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரம்
பிடித்து வைக்கும்படி ஒரு வேண்டுகோள்.
நீதிபதியின் கையெழுத்துதான் இல்லை.

எங்கள் மாநிலத்தில் இப்படிப்பட்ட தாளுக்கென்று
நீலத் தட்டு ஒன்று உண்டு. அதில் போட்டேன்.
இதைத் துணிச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
சட்டம் சொன்னது, செய்தேன்.
பதினோரு ஆண்டுக்கு முன்
பிடித்து வை என்றபோது
பிடித்து வைத்ததும் இதே கைதான்.
அப்போது வண்டியேறியவர்களில்
ஒரு பெயரும் நினைவில் இல்லை;
ஒருத்தியின் மஞ்சள் குடை மட்டும்
பொருள் அறையில் இன்னும் கிடக்கிறது.

எவாரிஸ்டோ ஷிலோஹ் வந்தான்.
உரிமம் இல்லாமல் ஆப்பிள் லாரி ஓட்டிய வழக்கு,
ஜாமீன் கட்டியாயிற்று.
பையைக் கவிழ்த்தேன்: பெல்ட், ஏழு டாலர்,
உயிர் போன கைபேசி, ஷூ நாடா இரண்டு.
இங்கே ஒரு கையெழுத்து. இங்கே. இங்கேயும்.

பெஞ்சில் உட்கார்ந்து நாடா கோக்கத் தொடங்கினான்,
ஒவ்வொரு துளையாக.

சன்னலுக்கு வெளியே,
விளக்கு எட்டாத மூலையில் ஒரு சாம்பல் வண்டி.
எஞ்சின் அணையவில்லை;
குளிரில் அதன் மூச்சு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.
விடும் நேரத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை,
சொல்லவும் கூடாது.
ஹால்வர்சன் காபி எடுக்கப் போய்
வெகு நேரம் ஆகிறது.

ஷெரீஃப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டிய அறிவிப்பை
ராத்திரிகளில் பலமுறை படித்திருக்கிறேன்.
பிடித்து வைக்காதே என்கிறது.
தகவல் கொடுக்காதே என்கிறது.
கதவுக்கும் தெருவுக்கும் நடுவே கிடக்கும்
நாற்பது அடித் தாரைப் பற்றி
அதில் ஒரு வரி இல்லை.

பின்பக்கம் வாசல் இருக்கிறதா என்று
அவன் கேட்டுவிடுவானோ எனப் பயந்தேன்.
'பஸ் எத்தனை மணிக்கு?' என்றான்.
'ஐந்தே முக்கால்.'
மணி மூன்று ஆகவில்லை.
'வேண்டுமானால் இங்கேயே உட்காரலாம்.
பொது இடம்தான்.'
பொது இடம் என்றால்
அவர்களும் வரலாம் என்பதை
நான் சொல்லவில்லை.

என் பையிலிருந்து சார்ஜரை எடுத்து
அவன் கைபேசியைச் செருகினேன்.
இதற்கு எந்தத் தட்டும் இல்லை.

இரண்டாவது ஷூவை முடித்தவன்
சன்னலை ஒருமுறை பார்த்தான்.
பிறகு குனிந்து
முதல் ஷூவின் நாடாவை
மேலிருந்து உருவத் தொடங்கினான்.