மீசை முளைத்த விளக்குகள்

பாயான் லெப்பாஸில் இரவு பத்தே முக்காலுக்குப்
பதினொரு பெண்கள் என் வேனில் ஏறுவார்கள்.
ஏறும்போதே பாதித் தூக்கம்.
பாலம் தொடங்குமுன் மீதியும் வந்துவிடும்.
முன் இருக்கையில் புஷ்பலீலா மட்டும்
குவாச்சி கொறித்தபடி விழித்திருப்பாள்.

அன்று மழை விட்டுக் கால்மணி நேரம்.
தார் முழுக்க ஈயம் பூசிய மாதிரி.
வெள்ளைக்கோடு எங்கோ அடியில் கிடந்தது.
பதினொரு பேர் மூச்சும் கண்ணாடியில் ஏற,
துணியால் துடைத்தேன்.
மறுபடி துடைத்தேன்.
ஒரு மாதமாகவே துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்:
வினிகர், பழைய செய்தித்தாள்,
மெக்கானிக் ஆ ஹோக் கொடுத்த நீலத் தண்ணீர்.
வைப்பர் ரப்பர் இரண்டு தடவை மாற்றியாயிற்று.

எதிர்ச்சாலையில் ஒரு லாரி வந்தது.
பூனைக்கு இருப்பது போல
இரண்டு விளக்குக்கும் நீள நீளமாய் மீசை.
ஒரு நுனி கடலில், ஒரு நுனி என் மடியில்.
"இந்த லாரிக்கு மீசை கொஞ்சம் அதிகம்" என்றேன்,
சும்மா பேச்சுக்கு.
"யாருக்கு? டிரைவர் மூஞ்சியே தெரியலையேக்கா."
"மூஞ்சியில இல்ல. விளக்குல."
"விளக்குல மீசையா?"
கொறிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.
"உருண்டையாத்தானே இருக்கு. ரெண்டு உருண்டை."

எனக்கு நாற்பத்தாறு வயது.
பதினெட்டு வருடமாக லைசென்ஸ்.
சம்மன் ஒன்றே ஒன்று, அதுவும் பார்க்கிங்.
விளக்கென்றால் மீசை இருக்கும் என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
பள்ளியில் விளக்கு வரையச் சொன்னால்
சுற்றிலும் கோடு போடுகிறோமே,
அந்தக் கோட்டை எல்லாரும்
பார்த்துத்தானே போடுகிறார்கள்?

பிறையில், சந்தைக்குப் பின்னால் கண்ணாடிக் கடை.
சீனப் பையன் ஒருவன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு
"இதுவா, அதுவா? இதுவா, அதுவா?" என்றான்.
தப்பாய்ச் சொன்னால்
வேன் சாவியை வாங்கிக்கொள்வார்களோ என்று பயந்தேன்.
கண்ணின் முகப்பு பந்து போல் இல்லையாம்,
கரண்டி முதுகு போல ஒரு பக்கம் இழுத்திருக்கிறதாம்.
போதாததற்கு வயதும் சேர்ந்துகொண்டதாம்.
"பகல்ல சமாளிச்சிடுவீங்க, ஆன்ட்டி.
ராத்திரிதான் காட்டிக் கொடுக்கும்"
என்பதைப் பாதி மலாயில் பாதிக் கைச்சாடையில் சொன்னான்.
முந்நூற்று நாற்பது வெள்ளி. இரண்டு தவணை.

முதல் இரவு, சொல்லப்போனால், ஏமாற்றம்.
பட்டர்வொர்த் துறைமுகம் முழுவதற்கும்
யாரோ மீசை மழித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்ன விளக்குகள்,
தீபாவளிக்கு மறுநாள் வாசல் போல.
இதற்கா முந்நூற்று நாற்பது?

நடுப்பாலத்து ஏற்றத்தில்
இடப்பக்க ஓரமாய்
இருட்டில் ஒரு துண்டு அசைந்தது.
பின்விளக்கு இல்லாத மோட்டார்.
கறுப்பு ஜாக்கெட்டை முன்பின்னாய் மாட்டியிருந்தான்,
இங்கே எல்லாரும் காற்றுக்கு மாட்டுவார்களே, அப்படி.
ஒரு செருப்பின் குதிகால் தேய்ந்திருந்தது.
ஹெல்மெட்டின் பின்னால்
பாதி உரிந்த ஒளிரும் ஒட்டுத்தாள்.

அவனைப் பார்த்தேன்.
அதில் ஒன்றுமில்லை.
நேற்று அவன் இங்கே இருந்தானா?
முந்தாநாள்?
அந்த மீசைகளுக்குள்ளே எத்தனை பேர்
தலை குனிந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்,
ரேடியோ பாட்டுக்கு விரலால் தாளம் போட்டபடி
நான் பக்கத்திலேயே போயிருப்பேன்.
ஸ்டியரிங் ஈரமாகிவிட்டது.

விளக்கைத் தாழ்த்தினேன்.
முந்தவில்லை.
என் வெளிச்சத்தின் விளிம்பு
அவன் சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க
அறுபதில் போனேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.

"என்னக்கா இவ்ளோ மெதுவா?"
குவாச்சித் தோலைக் கைக்குள் பொத்தியபடி புஷ்பலீலா.
"முன்னாடி ஆள் போகுது."
கொஞ்ச நேரம் தேடினாள்.
"எங்க?" என்றாள்.